வாடகைக் கருவியிலிருந்து தனியுடைமைக்கு: புற வன்தட்டின் நம்பகத்தன்மை வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

ஆய்வாளர் ஒருவர் திரட்டிய சுவடிப் படங்கள், களஆய்வு ஒலிப்பதிவுகள், நூற்படிகள் ஆகியவை இன்று பெரும்பாலும் ஒரு புற வன்தட்டில் தங்கியுள்ளன. அக்கருவியின் நம்பகத்தன்மை அதன் உற்பத்தித் தரத்தைப் பொறுத்த பண்பாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. 1956இல் தோன்றிய முதல் வன்தட்டு தொடங்கி இன்றைய கையடக்க வன்தட்டு வரையிலான வரலாற்றை இக்கட்டுரை உடைமை என்னும் நோக்கில் ஆராய்கிறது. வன்தட்டு வாடகைக் கருவியாக இருந்தபோது அதன் பராமரிப்பு உற்பத்தி நிறுவனத்தின் கடமையாக இருந்தது. அது தனியுடைமை ஆனபோது அக்கடமை உரிமையாளருக்கு மாறியது. ஆயினும் அம்மாற்றம் எங்கும் வெளிப்படையாக அறிவிக்கப்படவில்லை. கொள்ளளவு வளர்ந்த விகிதத்தில் படியெடுக்கும் வேகம் வளராமையால் அக்கடமையின் சுமை மேலும் கூடியது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச் சொற்கள்: வன்தட்டு, புறச் சேமிப்பகம், நம்பகத்தன்மை, பழுது விகிதம், படியெடுத்தல், சுவடிப் பாதுகாப்பு

முன்னுரை

தமிழாய்வில் மின்னாக்கம் என்பது கடந்த இருபது ஆண்டுகளில் தனித் துறையாகவே வளர்ந்துள்ளது. நிறுவனங்கள் மேற்கொள்ளும் பெருந்திட்டங்கள் ஒருபுறம் இருக்க, தனிப்பட்ட ஆய்வாளர்கள் எடுத்த படங்களும் ஒலிப்பதிவுகளும் அளவில் சிறியன அல்ல. இவற்றுள் பல வேறெங்கும் படி இல்லாதவை. முனைவர்பட்ட ஆய்வுக்காகப் பதிவு செய்யப்பட்ட ஒரு கூத்து வாத்தியாரின் பாடம், அவர் மறைவுக்குப் பின் அந்த ஒரு வன்தட்டில் மட்டுமே எஞ்சி நிற்கும் நிலை அரிதன்று.

இந்நிலையில் வன்தட்டை வாங்குவோர் கேட்கும் வினாக்கள் இரண்டு: அது எத்தனை ஆண்டு உழைக்கும்? எவ்வளவு விரைவாக இயங்கும்? இவ்விரண்டும் கருவியை நோக்கிய வினாக்கள். விடைகளோ கருவிக்குள் மட்டும் இல்லை. அக்கருவி யாருக்கு உரியதாக இருந்தது, அதைப் பேணும் பொறுப்பை யார் ஏற்றிருந்தார் என்னும் வரலாற்றிலும் அவை அடங்கியுள்ளன.

வாடகைக்கு விடப்பட்ட வட்டு

முதல் வன்தட்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துச் சான் ஓசே நகரில், ரெனால்ட் ஜான்சன் தலைமையிலான ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டது. ஐபிஎம் 350 எனப் பெயரிடப்பட்ட அது, 305 ராமாக் என்னும் கணினி அமைப்பின் பகுதியாக 1956 செப்டம்பரில் அறிமுகமாயிற்று. 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகள் ஒரே அச்சில் நிமிடத்துக்கு 1,200 முறை சுழன்றன. அவற்றில் 50 லட்சம் எழுத்துகளைப் பதிக்க இயன்றது; இன்றைய அலகில் இது ஏறத்தாழ 3.75 மெகாபைட் ஆகும். ஒரு டன்னுக்கு மேல் எடையுடைய அப்பெட்டியைச் சரக்குந்து வழியாகவோ சரக்கு வானூர்தி வழியாகவோதான் கொண்டுசெல்ல முடிந்தது.

இக்கருவி பெரும்பாலும் விற்கப்படவில்லை என்பது இங்கு முதன்மையாகக் கருதத்தக்கது. 305 ராமாக் அமைப்பு மாதம் 3,200 டாலர் வாடகைக்கு விடப்பட்டது. அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோகத் தடை வழக்கில் 1956 சனவரியில் ஏற்பட்ட இசைவுத் தீர்ப்பு, கருவிகளை விற்கவும் முன்வர வேண்டும் என ஐபிஎம் நிறுவனத்தைப் பணித்தது. ஆயினும் வாடகை முறையே நெடுங்காலம் வழக்கில் நீடித்தது.

வாடகை என்பது விலையைத் தவணையாகச் செலுத்தும் ஏற்பாடு மட்டும் அன்று. கருவி நிறுவனத்தின் உடைமையாகவே இருந்தமையால் அது பழுதுபட்டால் சீர்செய்யும் கடமையும் நிறுவனத்தையே சார்ந்தது. தேய்ந்த உறுப்பை மாற்றவும் தலைகளைச் சரிசெய்யவும் பயிற்சி பெற்ற பொறியாளர் வாடிக்கையாளரின் இடத்துக்கே வந்தார். ஆகவே முதல் வன்தட்டின் நம்பகத்தன்மை, இயந்திரமும் மனித உழைப்பும் சேர்ந்து தந்த ஒரு சேவையாகும். வாடகையின் ஒரு பகுதி அவ்வுழைப்புக்கு உரியது.

மூடப்பட்ட பெட்டி

வட்டைக் கருவியிலிருந்து பிரித்துக் கையில் எடுத்துச் செல்லும் வசதி 1962இல் ஐபிஎம் 1311 வழியாக வந்தது. 14 அங்குலத் தட்டுகள் ஆறினைக் கொண்ட வட்டுக்கட்டினைக் கழற்றி மாற்றொன்றைப் பொருத்த இயன்றது. ஒரு கட்டு 20 லட்சம் எழுத்துகளைக் கொண்டது. எடை சுமார் 10 பவுண்டு. தரவை அலமாரியில் வைத்துப் பூட்டலாம், மற்றோர் ஊருக்கு அனுப்பலாம் என்னும் நிலை இதனால் தோன்றியது. புற வன்தட்டின் முன்னோடியாக இதனைக் கொள்ளலாம்.

கழற்றும் வசதி ஒரு தீங்கையும் உடன் கொணர்ந்தது. வன்தட்டின் படிக்கும் தலை தட்டினைத் தொடுவதில்லை. சுழற்சியால் எழும் மெல்லிய காற்றுப்படலத்தின் மீது மிதக்கிறது. அவ்விடைவெளியை விடப் பெரிய தூசித் துகள் இடையே புகுந்தால் தலை தட்டில் மோதிக் காந்தப் பூச்சினைச் சுரண்டிவிடும். கட்டினைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் தூசி நுழைய வாய்ப்பு ஏற்பட்டது.

இதற்கான தீர்வு 1973இல் வெளிவந்த ஐபிஎம் 3340இல் காணப்படுகிறது. கென்னத் ஹாட்டன் தலைமையில் உருவான இது வின்செஸ்டர் என்னும் பெயரால் அறியப்பட்டது. இதில் தட்டுகளும் தலைகளும் ஒரே உறைக்குள் சேர்த்து மூடப்பட்டன. தலைகள் எடை குறைந்தவையாக அமைக்கப்பட்டு, சுழற்சி நிற்கும்போது மசகு பூசிய தட்டின் மீதே இறங்கி அமர்ந்தன. இன்றைய வன்தட்டுகள் அனைத்தும் மூடிய உறை என்னும் இக்கொள்கையின் வழிவந்தவை.

வின்செஸ்டர் முறை நம்பகத்தன்மையைப் பெரிதும் உயர்த்தியது. அதே வேளையில் பயன்படுத்துவோரை உள்ளிருந்து முற்றிலும் விலக்கியது. அதற்குப் பின் வன்தட்டைத் திறந்து பார்ப்பது என்பதே அதனைக் கெடுப்பதற்கு ஒப்பாயிற்று. உரிமையாளரால் உள்ளே காணவும் தொடவும் இயலாத ஒரு பொருள் பின்னர் அவரது தனியுடைமையாக ஆனபோது எழுந்த சிக்கலின் வேர் இங்குள்ளது.

மேசைக்கு வந்த உடைமை

1980இல் சீகேட் நிறுவனம் வெளியிட்ட எஸ்டி-506, 5.25 அங்குல அளவில் 5 மெகாபைட் கொள்ளும் வன்தட்டாகும். அதன் இயக்கமைப்பைக் கொண்டு ஆப்பிள் நிறுவனம் 1981இல் புரோஃபைல் என்னும் தனிப்பெட்டியை ஆப்பிள் III கணினிக்காக விற்பனைக்குக் கொணர்ந்தது. விலை 3,499 டாலர். கணினிக்கு வெளியே, தனி உறையில், தனியாளர் விலைகொடுத்து வாங்கும் வன்தட்டுகளுள் இது முற்பட்டது. ராமாக் அமைப்பின் ஒரு மாத வாடகைக்கு நிகரான தொகையில் அதைவிடச் சற்றே கூடுதல் கொள்ளளவு நிலையான உடைமையாகக் கிடைத்தது. ஆனால் அவ்விலையில் வீடு தேடி வரும் பொறியாளர் இடம்பெறவில்லை.

அதனைத் தொடர்ந்து அளவு விரைவாகச் சுருங்கியது. 1983இல் 3.5 அங்குல வன்தட்டும் 1988இல் 2.5 அங்குல வன்தட்டும் தோன்றின. மேசையில் வைப்பன முன்னதன் வழியிலும் சட்டைப்பையில் அடங்குவன பின்னதன் வழியிலும் வந்தவை.

கணினியுடன் இணைக்கும் வழியும் மாறிக்கொண்டே வந்தது. 1980களில் ஸ்கசி, 1990களின் நடுவில் ஃபயர்வயர், பின்னர் யுஎஸ்பி என இணைப்புகள் ஒன்றை ஒன்று விலக்கின. 1996இல் வந்த யுஎஸ்பியின் முதல் பதிப்பு நொடிக்கு 12 மெகாபிட் மட்டுமே கடத்தியதால் வன்தட்டுக்கு அது ஏற்றதாக இல்லை. 2000இல் வந்த இரண்டாம் பதிப்பு 480 மெகாபிட்டாகவும் 2008இல் வந்த மூன்றாம் பதிப்பு 5 ஜிகாபிட்டாகவும் அதனை உயர்த்தின. புற வன்தட்டு பரவலான நுகர்பொருளாக ஆனது இரண்டாம் பதிப்புக்குப் பின்னரே.

ஒரே வடத்தின் வழியே மின்சாரமும் தரவும் பெறுவது கையடக்க வன்தட்டின் சிறப்பு. அதன் மெலிவும் அதுவே. யுஎஸ்பி இரண்டாம் பதிப்பில் ஒரு துளை வழங்கக்கூடிய மின்னோட்டம் 500 மில்லியாம்பியர். தட்டு சுழலத் தொடங்கும் கணத்தில் இது போதாமல் போகலாம் என்பதால் சில வன்தட்டுகளுக்கு இரு முனைகள் கொண்ட வடம் தரப்பட்டது. மின்சாரம் குறைந்த துளையில் இணைத்த வன்தட்டு ‘டிக், டிக்’ என ஒலித்து நின்றுவிடும்; உரிமையாளர் அது பழுதடைந்தது எனக் கருதுவார். வடத்தின் குறையா, உறையிலுள்ள இடைச்சுற்றின் குறையா, வன்தட்டின் குறையா எனப் பிரித்தறியும் பணி ஒரு காலத்தில் பொறியாளருடையது. இப்போது அது உரிமையாளருடையது.

கொள்ளளவும் வேகமும்: ஒத்து வளராத இரண்டு

வன்தட்டின் செயல்திறன் பற்றிய பேச்சு பெரும்பாலும் கொள்ளளவின் வளர்ச்சியையே முன்னிறுத்துகிறது. அவ்வளர்ச்சி வியப்புக்குரியதே. ஆல்பர்ட் ஃபெர்ட், பீட்டர் குருன்பெர்க் ஆகியோர் 1988இல் தனித்தனியே கண்டறிந்த பெருங்காந்தத்தடை விளைவு, 1997 முதல் வன்தட்டின் படிக்கும் தலைகளில் பயன்பட்டது. இக்கண்டுபிடிப்புக்கு 2007ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 2005 முதல் காந்தத் துகள்களைத் தட்டில் கிடையாக அன்றிச் செங்குத்தாக நிறுத்தும் முறை நடைமுறைக்கு வந்தது. 2016இல் 2.5 அங்குல வன்தட்டு ஒன்றே 5 டெராபைட் கொள்ளும் நிலை உருவாயிற்று. ராமாக் வட்டுடன் ஒப்பிட்டால் இது சுமார் 13 லட்சம் மடங்கு.

இதே காலத்தில் தட்டின் சுழற்சி வேகம் எவ்வளவு கூடியது? நிமிடத்துக்கு 1,200 என்பது கையடக்க வன்தட்டில் வழக்கமாக 5,400 ஆகியுள்ளது; அதாவது நான்கரை மடங்கு. கொள்ளளவு லட்சங்களில் பெருகியபோது இயந்திர அசைவு ஒற்றை இலக்கத்தில் நின்றது. தடங்களில் தரவு அடர்ந்து பதிவதால் ஒரு சுற்றில் படிக்கும் அளவு கூடியது உண்மை. எனினும் அது கொள்ளளவுடன் போட்டியிட இயலவில்லை.

இதன் விளைவை எளிய கணக்கொன்று தெளிவாக்கும். ராமாக் வட்டு நொடிக்கு 8,800 எழுத்துகளைக் கடத்தியது. தலை நகரும் நேரத்தை விலக்கிக் கணக்கிட்டால் வட்டு முழுவதையும் படிக்கப் பத்து நிமிடத்துக்கும் குறைவாகவே ஆகும். நொடிக்கு 100 மெகாபைட் கடத்தும் 5 டெராபைட் வன்தட்டு ஒன்றை முழுமையாகப் படிக்க ஏறத்தாழ 14 மணி நேரம் தேவை. பழைய யுஎஸ்பி இரண்டாம் பதிப்பின் வழியே நொடிக்கு 35 மெகாபைட் என்னும் நடைமுறை வேகத்தில் 1 டெராபைட்டைப் படியெடுப்பதற்கே எட்டு மணி நேரம் செல்லும்.

கொள்ளளவு பெருகப் பெருக, உள்ளதைப் படியெடுக்க ஆகும் காலமும் பெருகியுள்ளது. ஒரு பகற்பொழுதோ ஓர் இரவோ முழுதாகச் செல்லும் பணியை மக்கள் ஒத்திப்போடுவது இயல்பு. ஆகவே செயல்திறன் என்பது வசதி பற்றிய செய்தி மட்டும் அன்று. படியெடுக்கும் பழக்கத்தை வளர்ப்பதும் தளர்த்துவதும் அதுவே. அவ்வகையில் அது நம்பகத்தன்மையின் ஒரு கூறாகிறது.

அண்மைக் கால உத்தி ஒன்று இச்சிக்கலைக் கூட்டியுள்ளது. 2013 முதல் சந்தைக்கு வந்த வன்தட்டுகள் சிலவற்றில் பதிவுத் தடங்கள் ஓட்டுக்கூரையின் ஓடுகளைப் போல ஒன்றன் விளிம்பு மற்றொன்றின் மீது படியுமாறு அமைக்கப்படுகின்றன. கூரையின் நடுவே ஓர் ஓட்டை மாற்ற அடுத்துள்ள ஓடுகளையும் பெயர்த்து மீண்டும் அடுக்க வேண்டியிருப்பதுபோல, இவ்வகை வன்தட்டில் ஒரு தடத்தைத் திருத்தி எழுத அருகிலுள்ள தடங்களின் தொகுதியையே மீண்டும் எழுத வேண்டும். சிறிது நேரம் விரைந்து எழுதும் இவ்வன்தட்டு, தொடர்ந்து பெருந்தரவு எழுதும்போது மிகவும் தளர்ந்துவிடும். கையடக்க வன்தட்டுகளில் இம்முறை பரவலாக உள்ளது. இம்முறையில் அமைந்த சில வகைகள் அக்குறிப்பின்றியே விற்கப்பட்டதை உற்பத்தி நிறுவனங்கள் 2020இல் ஒப்புக்கொண்டன. தான் வாங்கிய கருவியின் இயல்பையே உரிமையாளர் அறியாதிருந்தார் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பழுது பற்றிய எண்கள்

வன்தட்டின் தரக்குறிப்பில் சராசரிப் பழுது இடைவெளி என ஓர் எண் தரப்படுவது வழக்கம். 10 லட்சம் மணி நேரம் என்பது அவ்வாறு தரப்படும் மதிப்புகளுள் ஒன்று. இது 114 ஆண்டுகளுக்குச் சமம். ஒரு வன்தட்டு 114 ஆண்டு இயங்கும் என்பது இதன் பொருள் அன்று. 114 வன்தட்டுகளை ஓராண்டு இயக்கினால் அவற்றுள் ஒன்று பழுதாகலாம் என்பதே பொருள். அதாவது ஆண்டுப் பழுது விகிதம் 0.88 விழுக்காடு.

இக்கூற்று நடைமுறையில் பொருந்துகிறதா என்பதை இரு ஆய்வுகள் சோதித்தன. இரண்டும் 2007 பிப்ரவரியில், முதல் வன்தட்டு பிறந்த அதே சான் ஓசே நகரில் நடந்த கருத்தரங்கில் வெளியிடப்பட்டன. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் பியாங்கா சுரோடர், கார்த் கிப்சன் ஆகியோர் சுமார் ஒரு லட்சம் வன்தட்டுகளின் மாற்றீட்டுப் பதிவுகளை ஆராய்ந்தனர். உண்மை விகிதம் ஒரு விழுக்காட்டுக்கு மேற்பட்டும், பல இடங்களில் 2 முதல் 4 விழுக்காடாகவும், சில அமைப்புகளில் 13 விழுக்காடு வரையிலும் இருந்ததை அவர்கள் கண்டனர். முதல் சில ஆண்டுகள் கடந்தால் நெடுங்காலம் சீராக உழைக்கும் என்ற பொது நம்பிக்கைக்கு மாறாக, வயது கூடக் கூட மாற்றீடு தொடர்ந்து உயர்ந்தது.

கூகுள் நிறுவனத்தின் எட்வர்டோ பின்யெய்ரோ, வுல்ஃப்-டீட்ரிக் வெபர், லூயிஸ் பரோசோ ஆகியோரும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்தனர். வன்தட்டு தன் நிலையைத் தானே கணித்து எச்சரிக்கும் ஸ்மார்ட் என்னும் அமைப்பு எவ்வளவு பயன்படுகிறது என்பதை அவர்கள் நோக்கினர். சில எச்சரிக்கைகள் வலிமையானவை என்பது தெரியவந்தது: முதல் வருடல் பிழை தோன்றிய வன்தட்டு அடுத்த 60 நாள்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு, பிழையற்ற ஒன்றைவிட 39 மடங்கு. ஆனால் பழுதான வன்தட்டுகளுள் பாதிக்கும் மேற்பட்டவை வலிமையான நான்கு குறியீடுகளுள் ஒன்றையும் காட்டவில்லை. எச்சரிக்கை வந்தால் நம்பலாம். வராமையை நம்ப இயலாது என்பதே இதன் சாரம்.

இவ்வெண்களைத் தனியாளர் கணக்குக்கு மாற்றிப் பார்க்கலாம். ஆண்டுக்கு 2 விழுக்காடு எனக் கொண்டால் ஐந்தாண்டு இறுதியில் பத்தில் ஒரு வன்தட்டு பழுதாகியிருக்கும். 4 விழுக்காடு எனக் கொண்டால் ஐந்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. இரு வன்தட்டுகளில் ஒரே தரவு இருப்பின், இரண்டும் ஒரே ஆண்டில் பழுதாகும் வாய்ப்பு 2 விழுக்காட்டுக் கணக்கில் 2,500இல் ஒன்றாகக் குறைகிறது. சிறந்த வன்தட்டைத் தேடி வாங்குவதால் கிடைக்கும் பயனைவிட, எளிய இரண்டினை வைத்திருப்பதால் கிடைக்கும் பயன் பன்மடங்கு கூடுதல். விலை மலிந்த பல வட்டுகளைச் சேர்த்து நம்பகத்தன்மையை உருவாக்கலாம் என டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகியோர் 1988இல் முன்வைத்த கருத்தின் அடிப்படையும் இதுவே.

இங்கு இரு வரையறைகளைச் சுட்டுதல் வேண்டும். மேற்கண்ட ஆய்வுகள் நிலையாகப் பொருத்தி, குளிர்விக்கப்பட்டு, இடையறாது இயங்கிய வன்தட்டுகளைப் பற்றியவை. பையில் சுமக்கப்பட்டு, கீழே விழுந்து, முறையாக நிறுத்தாமல் பிடுங்கப்படும் கையடக்க வன்தட்டுக்கு அவ்வெண்கள் அப்படியே பொருந்தா. இரண்டாவதாக, 2,500இல் ஒன்று என்னும் கணக்கு இரு வன்தட்டுகளும் ஒன்றையொன்று சாராமல் பழுதாகும் என்னும் எடுகோளைக் கொண்டது. இரண்டும் ஒரே பையில் இருந்தால் ஒரு திருட்டும், ஒரே வீட்டில் இருந்தால் ஒரு வெள்ளமும் அவ்வெடுகோளைத் தகர்த்துவிடும்.

2011 வெள்ளமும் உறையினுள் இருந்ததும்

வன்தட்டு உற்பத்தியில் ஈடுபட்ட நிறுவனங்களின் எண்ணிக்கை ஒரு காலத்தில் நூற்றைத் தாண்டியிருந்தது. இன்று சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா என மூன்றே எஞ்சியுள்ளன. உற்பத்தி ஒருசில இடங்களில் குவிந்ததன் விளைவு 2011இல் வெளிப்பட்டது. அவ்வாண்டின் பிற்பகுதியில் தாய்லாந்தில் ஏற்பட்ட வெள்ளம் ஆலைகளை மூழ்கடித்தது; உலகெங்கும் வன்தட்டின் விலை ஏறியது.

அமெரிக்காவில் காப்புப்படிச் சேவை நடத்தும் பேக்பிளேஸ் நிறுவனம் அப்போது மேற்கொண்ட வழி வரலாற்று நோக்கில் சுவையானது. உள்ளக வன்தட்டுகள் கிடைக்காத நிலையில், சில்லறைக் கடைகளில் விற்கப்பட்ட புற வன்தட்டுகளை அதன் பணியாளர்களும் நண்பர்களும் வாங்கி வந்தனர். உறைகளை உடைத்து, உள்ளிருந்த வன்தட்டுகளை எடுத்து நிறுவனத்தின் கணினிகளில் பொருத்தினர். புற வன்தட்டு என்பது தனி இனம் அன்று, உறையிட்ட ஒரு சாதாரண வன்தட்டே என்பதை இந்நிகழ்ச்சி காட்டியது. அந்நிறுவனம் 2013 முதல் தன் வன்தட்டுகளின் பழுது விகிதங்களை வகைவாரியாக வெளியிட்டு வருகிறது. அக்காலத்தில் வாங்கப்பட்ட ஒரு 3 டெராபைட் வகை வழக்கத்துக்கு மாறான அளவில் பழுதானதையும் அது 2015இல் வெளிப்படுத்தியது. ஒரே நிறுவனத்தின் வன்தட்டுகளிலும் வகைக்கு வகை வேறுபாடு மிகுதி என்பதால், நிறுவனத்தின் பெயரை மட்டும் கொண்டு நம்பகத்தன்மையை முடிவு செய்ய இயலாது என்பது இப்பதிவுகளால் புலனாகிறது.

உறையை உடைத்தால் மீட்கலாம் என்பதும் இன்று எல்லா வன்தட்டுக்கும் பொருந்துவதில்லை. சில கையடக்க வகைகளில் யுஎஸ்பி இணைப்பு வன்தட்டின் சுற்றுப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டுள்ளது. சிலவற்றில் இடைச்சுற்று தரவை மறையாக்கம் செய்தே எழுதுகிறது. அச்சுற்று பழுதானால் தட்டு நன்றாக இருந்தும் அதிலுள்ளதைப் பொருள்கொள்ள முடியாது.

உத்தரவாதத்தின் வரலாறும் இங்கு நோக்கத்தக்கது. 2002இல் முன்னணி நிறுவனங்கள் மேசைக் கணினி வன்தட்டுகளுக்கான உத்தரவாதக் காலத்தை மூன்றாண்டிலிருந்து ஓராண்டாகக் குறைத்தன. பின்னர் அது கூடியும் குறைந்தும் வந்துள்ளது. காலம் எதுவாயினும் உத்தரவாதம் உறுதியளிப்பது மாற்றுக் கருவியை மட்டுமே. உள்ளிருந்த தரவுக்கு அது பொறுப்பேற்பதில்லை. வாடகைக் காலத்தில் ஒப்பந்தத்தின் மையமாக இருந்த பராமரிப்பு, உடைமைக் காலத்தில் ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்கிறது.

சுவடிப் படி மரபும் வன்தட்டும்

பனையோலை அழியக்கூடிய பொருள் என்பதைத் தமிழ் மரபு நன்கு அறிந்திருந்தது. செல்லும் இராமபாணப் பூச்சியும் ஈரமும் ஓலையை அரிக்கும். சில நூற்றாண்டுகளுக்கு மேல் ஓர் ஏடு நிலைப்பது அரிது. ஆயினும் சங்கப் பாடல்கள் ஈராயிரம் ஆண்டுகளைக் கடந்து வந்துள்ளன. ஓலையின் உறுதியால் இது நிகழவில்லை. ஏடு பெயர்த்து எழுதும் வழக்கத்தால் நிகழ்ந்தது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது பல இடங்களிலிருந்து பெற்ற சுவடிகளை ஒப்பிட்டார். ஒன்றில் சிதைந்த அடியை மற்றொன்று காத்திருந்தது. வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு கைகளில் படிகள் இருந்தமையே அதற்குக் காரணம்.

படிகள் ஓரிடத்தில் மட்டும் குவிந்திருந்தால் நேர்வது யாது என்பதற்கு 1981இல் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம் துயரமான சான்று. ஏறத்தாழ 97,000 நூல்களுடன், வேறு படி இல்லாத சுவடிகளும் அங்கு அழிந்தன.

ஓலைக்கும் வன்தட்டுக்கும் அழிவின் இயல்பில் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. ஓலையின் சிதைவு மெல்ல நிகழ்வது, கண்ணுக்குத் தெரிவது. ஓரம் அரிக்கப்பட்ட ஏட்டில் நடுப்பகுதியைப் படிக்கலாம். பெயர்த்தெழுத வேண்டிய காலம் வந்துவிட்டது என ஏடே அறிவிக்கும். வன்தட்டோ முதல்நாள் வரை குறையின்றி இயங்கி மறுநாள் முழுமையாக நின்றுவிடலாம். தலை பழுதானால் ஆயிரம் சுவடிகளின் படங்களும் ஒருசேர எட்டாதவை ஆகின்றன. ஆகவே ஏட்டைப் பார்த்துப் பெயர்த்தெழுதிய மரபு, வன்தட்டின் வகையில் நாளைக் கணக்கிட்டுப் பெயர்த்தெழுதும் மரபாக மாற வேண்டியுள்ளது.

படியெடுத்தலில் பிழை நேர்வதையும் சுவடி மரபு அறிந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்த்தல் அதற்கான வழி. மின்கோப்பில் அப்பணியைச் செய்வது சரிபார்ப்பெண். கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் கொண்டு கணிக்கப்படும் அவ்வெண், ஒரு பிட் மாறினும் வேறாகிவிடும். முதற்படிக்கும் மறுபடிக்கும் அவ்வெண் ஒன்றாக இருப்பதை உறுதிசெய்தலே இக்காலத்துப் பாடச் சரிபார்ப்பு.

வன்தட்டு பழுதின்றி இருந்தும் உள்ளடக்கம் எட்டாமற்போகும் நிலையும் தமிழாய்வாளர்க்குப் புதிதன்று. ஸ்கசி இணைப்புடைய பழைய பெட்டியை இணைக்க இன்றைய கணினியில் துளை இல்லை. 1990களில் பல்வேறு எழுத்துருக் குறியாக்கங்களில் தட்டச்சிடப்பட்ட கோப்புகள், அவ்வெழுத்துரு இன்றித் திறக்கப்படும்போது பொருளற்ற குறிகளாகத் தோன்றுகின்றன. புதிய வன்தட்டுக்கு மாற்றும்போதே கோப்பின் வடிவத்தையும் ஒருங்குறிக்கு மாற்றுவது பெயர்த்தெழுதுதலின் பகுதியாக வேண்டும்.

நகரும் உறுப்புகள் இல்லாத திண்மநிலைச் சேமிப்பகங்கள் வேகத்திலும் அதிர்ச்சி தாங்குவதிலும் மேம்பட்டவை. ஆனால் அவை தரவை மின்னேற்றமாகத் தேக்கி வைப்பதால், நெடுங்காலம் மின்னிணைப்பின்றி அலமாரியில் வைப்பதற்கு ஏற்றவை அல்ல. கருவி மாறினாலும் பேணும் கடமை நீங்கவில்லை.

முடிவுரை

வன்தட்டின் வரலாறு கொள்ளளவின் வெற்றி வரலாறாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. உடைமையின் நோக்கில் அது ஒரு கடமை கைமாறிய வரலாறாகத் தோன்றுகிறது. 1956இல் மாத வாடகைக்குள் அடங்கியிருந்த பராமரிப்பு உழைப்பு, 1981க்குப் பின் விலைகொடுத்து வாங்கியவரின் தோளுக்கு வந்தது. மூடிய உறை அவருக்கு உள்நிலையை மறைத்தது. கொள்ளளவுக்கு ஈடுகொடுக்காத வேகம் படியெடுத்தலை நெடும்பணியாக்கியது. எச்சரிக்கை அமைப்புகளோ பாதிப் பழுதுகளை முன்னறிவிப்பதில்லை.

இதிலிருந்து பெறப்படும் நடைமுறை முடிவுகள் எளியவை. அரிய தரவு எதுவும் ஒரே வன்தட்டில் இருத்தல் ஆகாது. குறைந்தது மூன்று படிகள், அவற்றுள் ஒன்றேனும் வேறு ஊரில் அல்லது ஒரு நிறுவனத்தின் காப்பில் இருத்தல் நன்று. ஆண்டுக்கொரு முறை வன்தட்டை இயக்கிச் சரிபார்ப்பெண்களை ஒப்பிடுதலும், பழுதுக்காகக் காத்திராமல் ஐந்தாண்டு அளவில் புதியதற்கு மாற்றுதலும் வழக்கமாக வேண்டும். ஆய்வுத் திட்டங்களின் நிதிக் கோரிக்கையில் கேமராவுக்கும் பயணத்துக்கும் இடம் ஒதுக்கப்படுவது போல இரண்டாம், மூன்றாம் வன்தட்டுக்கும் படியெடுக்கும் உழைப்புக்கும் இடம் ஒதுக்கப்பட வேண்டும்.

வன்தட்டு ஒன்றை வாங்குவதால் ஒருவர் அதன் உரிமையாளர் ஆகிறார். அதிலுள்ளவற்றின் காப்பாளர் ஆவதற்கு அவர் அவற்றைப் பெயர்த்தெழுதிக்கொண்டே இருக்க வேண்டும். ஏடு எழுதுவோர் செய்து வந்த அப்பணி, கருவி மாறிய பின்னும் ஆய்வாளர் கையில் தொடர்கிறது.